தலைக்கணக்கு

பெரியவளாகிவிட்டாள் என்று ஸிப்போரா சொன்னதும்
இரண்டாம் மாடி வேதவல்லி
உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.
அதில்லைங்க, என்றேன்.
பிறகு எது என்று
வாசலில் நின்றபடி சொல்லத் தெரியவில்லை.
கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

கொளத்தூர் முக்கில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர்
விழா என்ன விழா என்று கேட்டார்.
மஞ்சள் நீராட்டு என்றால் டிசைன் தயாராக இருக்கிறதாம்:
மயில், வாழைமரம், கைகூப்பிய தாய்மாமன்.
ஃப்ளெக்ஸ் மட்டும் வேண்டாம்ப்பா என்று
மகள் அழாத குறை.

அவள் பெயர் தாமார்.
வருகைப் பதிவேட்டில் ஆறு வருடமாகத் தாமரை.
"ரை கிடையாது மிஸ்" என்று ஒவ்வொரு ஜூனிலும்
எழுந்து சொல்லிவிட்டு உட்காருவாள்.

இந்த ஊரில்
பவழக்காரத் தெரு என்று ஒரு பெயர் இருக்கிறது,
சில கல்லறைகள் இருக்கின்றன.
ஜெப ஆலயம் இல்லை, ராபி இல்லை,
தோல்சுருள் இல்லை.
ஸிப்போராவின் அலமாரியில்
புடவைகளுக்கு அடியில்
நாற்பது பக்க ஜெராக்ஸ் இருந்தது.

போனில் யாரோ ஓதியதைக் கேட்டுக் கேட்டு
கணக்கு நோட்டின் பின்பக்கம்
தமிழில் எழுதிக்கொண்டாள்.
தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வரும் அந்த ஒரு ஓசைக்கு
எழுத்துக் கிடைக்காமல் ஒரு வாரம்.
ஒரு ராத்திரி கத்தினாள்:
"அப்பா, ஆய்தம்!"
பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவன் நான்.
எனக்குத் தோன்றவில்லை.
எஃகு, அஃது தவிர வேலையற்றுக் கிடந்த மூன்று புள்ளி
பக்கத்துக்கு இருபது முறை வந்து உட்கார்ந்தது.

தானேயிலிருந்து மாமா அப்னேர் வந்தார்,
சனியன்று பயணம் கூடாதென்று வியாழனே.
தாய்மாமன் சீர் எங்கே என்றாள் என் அக்கா அஞ்சலை.
பெண்கள் போட்டுக்கொள்வதில்லை நம் பக்கம் என்று
தங்கையிடம் மராத்தியில் முனகிக்கொண்டே
அவர் எடுத்தார்,
கோடு போட்ட வெள்ளைச் சால்வை.
அக்கா தடவிப் பார்த்தாள்.
"சரிகையே இல்லை."
கொஞ்சம் கழித்து,
"ஓரத்து முடிச்சு நல்லாருக்கு."

காலை ஆறரை. கத்திரி வெயில் ஏறுமுன்
மொட்டைமாடி.
பத்துப் பேர் வேண்டும் என்பது விதி.
அப்னேர் கணக்கில் ஒருவர்.
ஸிப்போரா கணக்கில் மூவர்.
செயலாளர் குப்புராஜ் நாற்காலிகளை எண்ணினார்:
இருபத்திரண்டு, வாடகை நாளைக்குள்.

தாமாருக்கு வாய்த்தது
பாலைவனத்தில் சனங்களைத் தலை எண்ணிய பகுதி.
விரல் பழக்கத்தில் இடக்கோடிக்குப் போய்
வெட்கப்பட்டு
வலக்கோடிக்கு வந்தது.
தொடங்கினாள்.
நடுவில் டேங்க் நிரம்பிக் கொட்ட,
மோட்டாரை நிறுத்த யாரோ ஓட,
அவள் நிறுத்தவில்லை.

முடித்ததும் தமிழில் சொன்னாள்:
"இதுல பெண்களை எண்ணல.
இருபது வயசுக்குக் கீழயும் எண்ணல.
ஆக ரெண்டு தடவை நான் இல்ல.
அதையும் நான்தான் வாசிச்சேன்.
அவ்ளோதான். கீழ டிபன் இருக்கு."

மிட்டாய் எறிவது வழக்கம்.
பிள்ளைகளுக்கு அதை மட்டும் முன்பே விளக்கியிருந்தோம்,
ஆரஞ்சு மிட்டாய்தான், கமர்கட் கூடாது என்று.
அப்னேரின் கண்ணாடியில் பட்டது
கமர்கட்.

கண்ணாடியைத் துடைத்தபடி அவர் என்னிடம் வந்தார்.
தகப்பன் சொல்ல ஒரு வாக்கியம் உண்டு,
உங்களுக்குப் பொருந்துமா தெரியாது,
இஷ்டமிருந்தால்:
இவளுடைய பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தவருக்குத் துதி.

விடுவித்தவர், வினையாலணையும் பெயர், இறந்தகாலம்
என்று ஓடியது புத்தி.
"இவளுடைய" என்றேன்.
மீதி வரவில்லை.
அவர் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் மாடி பெருக்கப் போனேன்.
வெயிலில் இளகிய மிட்டாய்கள்
தளத்தோடு ஒட்டியிருந்தன.
எறும்புகள் வந்துகொண்டிருந்தன
வலமிருந்து இடமாக.